பொழி திறப்பும் அடைப்பும்: தமிழ்க் கடற்கரையில் பயணிகள் கப்பல் சேவையின் வரலாறும் வருங்காலமும்

முன்னுரை

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், கேரள மாநிலத்தின் எல்லையில் அமைந்த கடற்கரைச் சிற்றூர் பொழியூர். இதனை அடுத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நீரோடி அமைந்துள்ளது. மறுபுறத்தில், நெய்யாறு கடலொடு கலக்கும் பூவாறு உள்ளது. ஆறு கடலைச் சேரும் வாயினைத் தென்திருவிதாங்கூர் மக்கள் 'பொழி' என வழங்குவர். கோடையில் அலைகள் கொணர்ந்து குவிக்கும் மணல் இவ்வாயினை அடைத்துவிடும். மழைக்காலத்தில் வெள்ளம் பெருகும்போது மணல்திட்டு உடைந்து வழி திறக்கும். நீர் பெருகியும் பொழி உடையாதபோது மக்களே மணலை வெட்டி வழி திறந்துவிடுவதும் உண்டு.

தமிழ்க் கடற்கரையில் கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் தோன்றி மறைந்த பயணிகள் கப்பல் சேவைகளின் வரலாற்றை நோக்கும்போது பொழியின் இயல்பே நினைவுக்கு வருகிறது. தூத்துக்குடி, தனுஷ்கோடி, நாகப்பட்டினம், சென்னை ஆகிய துறைகளில் கப்பல் சேவைகள் ஆரவாரத்துடன் தொடங்கப்பெற்றுள்ளன. சில காலம் நடந்தபின் நின்றும் போயுள்ளன. இன்று உல்லாசக் கப்பல்களும் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைப் பயணிகள் கப்பலும் பேசப்படுகின்றன. அவை நிலைபெறுமா என்னும் வினா எழுந்துள்ள சூழலில், முன்னைய சேவைகள் எதனால் வாழ்ந்தன, எதனால் மறைந்தன என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். கப்பல்கள் நின்றதற்கான அடிப்படைக் காரணங்கள் பெரும்பாலும் கடலில் இல்லை, கரையில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே உள்ளன என்பதும், கப்பலை வாழவைத்தவர் மூட்டை முடிச்சுடன் குறைந்த கட்டணத்தில் போய்வந்த எளிய பயணியரே என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருதுகோள்களாகும்.

எல்லைப்புறக் கரையும் கடல்வழியும்

பொழியூரை ஒட்டிய கடற்பகுதி வரலாற்றில் சிறப்பிடம் பெற்றதாகும். வடமேற்கே உள்ள விழிஞம் ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கியது. பாண்டியரும் பின்னர்ச் சோழரும் அதனைக் கைப்பற்றப் படையெடுத்தனர் என்பதைச் செப்பேடுகளும் கல்வெட்டுகளும் காட்டுகின்றன. தென்கிழக்கே உள்ள குளச்சலில் 1741ஆம் ஆண்டு மார்த்தாண்ட வர்மர் டச்சுப் படையை முறியடித்தார். 1860இல், பூவாற்றிலிருந்து கன்னியாகுமரி வரை கடற்கரையை ஒட்டி ஒரு கால்வாய் வெட்டத் திருவிதாங்கூர் அரசு முனைந்தது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் எனப்படும் அந்நீர்வழி ஒரு பகுதியளவில் வெட்டப்பட்டது. ஆயினும் கன்னியாகுமரியைச் சென்றடையவில்லை. நீர்வழிப் போக்குவரத்துத் திட்டங்கள் தொடங்கிய இடத்திலேயே தேங்கிவிடும் போக்கிற்கு இக்கால்வாய் பழைய சான்று எனலாம்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, குளச்சல் தமிழகத்துக்கும் விழிஞம் கேரளத்துக்கும் உரியவாயின. ஒரே கடற்கரை இரு நிருவாகங்களுக்குள் வந்தது. விழிஞத்தில் அமைந்துள்ள புதிய ஆழ்கடல் துறைமுகம் 2025ஆம் ஆண்டு மே 2 அன்று முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய சரக்குக் கப்பல்களை ஏற்கவல்ல ஆழம் அதற்கு உண்டு. ஆயின், அது முதன்மையாகப் பெட்டகங்களைக் கப்பல் மாற்றுவதற்கான துறைமுகமாகும். பெட்டகத்துக்குக் கடல்வழி அகலத் திறந்துள்ள இக்காலத்தில் மனிதருக்குத் திறந்த வழி எத்தகையது என்பதே நம்முன் உள்ள வினா.

இலக்கியத்தில் பயணி

கலம், வங்கம், நாவாய், தோணி, அம்பி, திமில் என மரக்கலங்களைக் குறிக்கும் சொற்கள் பழந்தமிழில் பலவாகும். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பொருள்களை வரிசைப்படுத்துமிடத்து ஈழத்து உணவினையும் சேர்த்துரைக்கிறது. சங்கப் பாடல்களில் கடல்வழிச் செலவு பெரும்பாலும் வணிகப் பொருளோடு இயைத்தே பேசப்படுகிறது.

பொருளுக்கு அப்பால், பயணியையும் அவனை எதிர்நோக்கிக் கரையில் காத்திருப்போரையும் விரிவாகக் காட்டுவது மணிமேகலையில் வரும் சாதுவன் – ஆதிரை வரலாறாகும். கைப்பொருளை இழந்த சாதுவன் வணிகருடன் கலமேறுகிறான். கலம் கவிழ, நாகர் வாழும் மலைப் பக்கத்தில் கரையேறுகிறான். அவன் இறந்தான் எனக் கேட்ட ஆதிரை தீப்புகத் துணிகிறாள். பின்னர்ச் சாதுவன் சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் ஊர் மீள்கிறான். கப்பல் என்பது போவதற்கு மட்டுமன்று, மீள்வதற்கும் உரியது என்பதை இக்கதை உணர்த்துகிறது. போகவும் மீளவும் வழியுள்ள பயணமே கரையில் இருப்போரை வாழவைக்கிறது. இருபதாம் நூற்றாண்டுக் கப்பல் சேவைகளை மதிப்பிடுவதற்கும் இதுவே தக்க அளவுகோல் ஆகும்.

தூத்துக்குடி: கட்டணப் போர்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் வாணிகத்தில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் ஆதிக்கம் செலுத்திவந்தது. இதற்கு மாற்றாக வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவு செய்தார். பத்து இலட்சம் ரூபாய் மூலதனத்தை, பங்கொன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகத் திரட்டுவது திட்டமாகும். பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவரே இக்கப்பல் நிறுவனத்துக்கும் தலைமை ஏற்றார் என்பது தமிழாய்வாளர் கருதத்தக்கது.

தொடக்கத்தில் வாடகைக் கப்பலைக் கொண்டு நடந்த சேவை, எதிர்த்தரப்பின் நெருக்குதலால் தடைப்பட்டது. எனவே சொந்தக் கப்பல் வாங்குவது இன்றியமையாததாயிற்று. 1907இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. மக்கள் அவற்றை நாடினர். பிரிட்டிஷ் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. சுதேசி நிறுவனமும் குறைத்தது. முடிவில், எதிர்த்தரப்பினர் பயணியரை இலவசமாக ஏற்றிச் சென்றதாகவும், குடை பரிசளித்ததாகவும் வரலாற்று நூல்கள் கூறும். பெரும் மூலதனமும் பிற வழித்தடங்களில் வருவாயும் உடைய நிறுவனம் ஒரு வழித்தடத்து நட்டத்தைத் தாங்கவல்லது. ஒரே வழித்தடத்தை நம்பிய நிறுவனத்துக்கு அஃது இயலாது.

1908 மார்ச்சில் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். அவ்வாண்டு ஜூலையில் விதிக்கப்பட்ட கடுந்தண்டனை மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டு, 1912 இறுதியில் அவர் விடுதலையானார். அதற்குள் நிறுவனம் கலைக்கப்பட்டுவிட்டது. அதன் வீழ்ச்சிக்குப் பயணியர் இன்மை காரணமன்று. கட்டணப் போரும் அரசின் அடக்குமுறையுமே காரணங்களாயின. கப்பலை ஒரு நிறுவனத்தின் இலாப நட்டக் கணக்கில் மட்டும் விட்டுவிட்டால், பயணியர் இருந்தும் அது வீழலாம் என்பது தூத்துக்குடி தரும் முதற்பாடமாகும்.

தனுஷ்கோடி: போய்வருதலும் அனுப்பப்படுதலும்

1914ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், இலங்கைக்கான முதன்மை வழி தூத்துக்குடியிலிருந்து தனுஷ்கோடிக்கு மாறியது. சென்னையில் தொடர்வண்டி ஏறுவோர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாரை அடைந்து, அங்கிருந்து மீண்டும் தொடர்வண்டியில் கொழும்பு செல்லலாம். இணைப்பு வண்டி 'போட் மெயில்' எனப்பட்டது. கப்பல் நின்று பல பத்தாண்டுகள் ஆகியும் சென்னை – இராமேஸ்வரம் வண்டிக்கு அப்பெயர் மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது.

இவ்வழியில் சென்றோருள் வணிகரும் மாணவரும் அலுவலரும் இருந்தனர். ஆயின் பெருந்தொகையினர் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரே ஆவர். கங்காணி முறையில் திரட்டப்பட்ட அவர்கள் முதலில் தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறை முகாமிலும், பின்னர் மண்டபம் முகாமிலும் தங்கவைக்கப்பட்டு, மருத்துவ ஆய்வுக்குப்பின் கப்பலேற்றப்பட்டனர். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இப்பெயர்வின் துயரத்தைப் புனைவில் பதிவு செய்த குறிப்பிடத்தக்க படைப்பாகும். துயரம் மிகுந்த பயணமாயினும் அது ஒருவழிப் பயணம் அன்று. திருமணம், திருவிழா, இறப்பு முதலிய நிகழ்வுகளுக்கு ஊர் வந்து மீள்வதற்கு வழி இருந்தது.

1948ஆம் ஆண்டில் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டமும் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் இந்நிலையை மாற்றின. நேற்றுவரை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சென்றவர், இப்போது ஒரு நாட்டிலிருந்து மறுநாட்டிற்குச் செல்பவராயினர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவர் எனவும் 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறுவர் எனவும் முடிவு செய்யப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்வதென 1974இல் உடன்பாடு ஏற்பட்டது.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரு திங்கள் நிறைவதற்குள், 1964 டிசம்பர் 22–23 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் சேவையைப் புயல் அழித்தது என்பதே பொதுவழக்கு. இக்கருத்து மறுபரிசீலனைக்குரியது. புயலுக்குப்பின் சேவை இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குத் தொடர்ந்தது. 'இராமானுஜம்' என்னும் கப்பல் ஓடியது. தாயகம் திரும்புவோர் எனப்பட்ட மலையகத் தமிழர் பல்லாயிரவர் அதிலேயே வந்திறங்கி மண்டபம் முகாமை அடைந்தனர். அவர்களுள் மிகப் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்கு இது மீள்தல் அன்று, அனுப்பப்படுதல். ஒரு காலத்தில் போகவும் வரவும் பயன்பட்ட கப்பல், ஒரு திசையில் மனிதரை ஏற்றி இறக்கும் கருவியாக மாறியது.

1984இல் இலங்கையின் இனப்போர்ச் சூழலால் இச்சேவையும் நின்றது. கப்பல் நின்றபின் மக்கள் வருவது நிற்கவில்லை. அவர்கள் மீன்பிடிப் படகுகளில் ஏதிலியராக வந்தனர். தோட்டத் தொழிலாளர் தங்கிய மண்டபம் முகாம், தாயகம் திரும்பியோரையும் ஏற்று, பின்னர் ஏதிலியர் முகாமாயிற்று. முறையான கப்பல் இல்லாத கடலில் மனிதர் உயிரைப் பணயம் வைத்துக் கடப்பர் என்பதற்கு இம்முகாமின் வரலாறே சான்று. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. ஆயின் அப்பாலத்தைக் கடந்துசெல்லும் வண்டிக்கு 1914இல் இருந்ததுபோல் இணைப்புக் கப்பல் இல்லை.

நாகப்பட்டினம்: டெக் பயணியர்

நாகப்பட்டினத்தின் கடல் வரலாறு தொன்மையானது. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னர் சூடாமணி விகாரத்தை எழுப்பியதையும், அதற்கு ஆனைமங்கலம் வழங்கப்பட்டதையும் செப்பேடு கூறுகிறது. பிற்காலத்தில் போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என அத்துறை கைமாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருச்சிராப்பள்ளியோடு இருப்புப்பாதை இணைப்புப் பெற்றபின், காவிரிப் படுகை மக்கள் மலாயாவுக்குச் செல்லும் வாயிலாக அது வளர்ந்தது. மலாயா செல்லும் தொழிலாளருக்கான முகாம்கள் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இயங்கின. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது.

இவ்வழியின் புகழ்பெற்ற கப்பல் 'ரஜூலா' ஆகும். 1926இல் கட்டப்பட்ட இக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் எனத் துறைதோறும் நின்று சென்றது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக் பயணியரை ஏற்றும் உரிமம் தொடக்கத்தில் அதற்கு இருந்தது. அறையில் பயணம் செய்த வசதி படைத்தோர் சிலரே. கப்பலின் வருவாயைத் தாங்கியோர் பாயும் தலையணையும் சட்டி பானையும் எடுத்துச் சென்று மேல்தளத்தில் இடம்பிடித்துப் படுத்துறங்கியோர் ஆவர். நாகப்பட்டினத்தில் பெருங்கப்பல் அணையும் ஆழம் இல்லை. கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணியர் படகில் சென்று ஏறினர். துறைமுக வசதி குறைந்திருந்தும் சேவை நடந்தது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகிய புதினங்கள் காட்டும் தென்கிழக்காசியத் தமிழர் உலகம் இத்தகைய கப்பல்களால் உருவானதே. 1950களில் மலாயா கொணர்ந்த குடிவரவுக் கட்டுப்பாடுகளால் புதிய பயணியர் குறைந்தனர். விமானப் போக்குவரத்தும் வளர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் ரஜூலா ஓய்வுபெற, இந்தியக் கப்பல் கழகத்தின் 'சிதம்பரம்' அவ்விடத்தை ஏற்றது. 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் அக்கப்பலில் ஏற்பட்ட தீ விபத்தில் பயணியர் பலர் உயிரிழந்தனர். அதனோடு சென்னை – சிங்கப்பூர்ப் பயணிகள் கப்பல் சேவை முடிவுற்றது. 1984இல் இராமேஸ்வரத்திலும் 1985இல் சென்னையிலும் சேவைகள் நின்றமையால், தமிழ்க் கடற்கரையிலிருந்து அயல்நாடு செல்லும் முறையான பயணிகள் கப்பல் வழி ஓராண்டு இடைவெளியில் அடைபட்டது எனலாம்.

உல்லாசக் கப்பலின் வருகை

பயணிகள் கப்பலும் உல்லாசக் கப்பலும் ஒன்றல்ல. முன்னதில் செல்வோர்க்கு மறுகரையில் ஒரு வேலை, ஓர் உறவு, ஒரு கடமை இருக்கும். பின்னதில் கப்பலே சேருமிடம். அதில் ஏறியவர் புறப்பட்ட துறைக்கே திரும்புவார். இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் 'கடல்வழிச் சுற்றுலா' என்னும் ஒரே தலைப்பில் அடக்குவது கொள்கை வகுப்பில் குழப்பத்தை விளைவிக்கும்.

2022ஆம் ஆண்டு ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' என்னும் உல்லாசக் கப்பலின் பயணத்தைத் தமிழக முதலமைச்சர் தொடங்கிவைத்தார். விசாகப்பட்டினம், புதுச்சேரி ஆகிய இடங்களைத் தொட்டு வருவது அதன் திட்டம். ஆயின் கப்பலில் சூதாட்டக்கூடம் இருப்பது பற்றிய எதிர்ப்பு எழுந்த நிலையில், புதுச்சேரி அரசு அனுமதி வழங்கவில்லை. கப்பல் கரையருகே வந்தும் பயணியர் இறங்க இயலவில்லை. 2023 ஜூனில் இதே கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளுக்குச் சென்றது. 2025 ஜூலையில் புதுச்சேரிக்கு மீண்டும் வந்தபோது, கப்பல் கடலில் நங்கூரமிட, பயணியர் சிறுபடகுகளில் கரை சேர்ந்தனர். ரஜூலா காலத்து நாகப்பட்டினத்தின் முறையே இங்கும் பின்பற்றப்பட்டது.

உல்லாசக் கப்பல் ஒரு துறையின் மீது கடப்பாடு உடையதன்று. ஒரு பருவத்தில் சென்னையில் இருக்கும். மறுபருவத்தில் மும்பைக்கோ கொச்சிக்கோ செல்லும். வருவாய் மிகும் வழியில் அதன் நிறுவனம் அதனைத் திருப்பும். ஆதலின் ஒரு துறைமுக நகரம் உல்லாசக் கப்பலை மட்டும் நம்பித் தன் முனையத்தையும் ஊழியரையும் அமைத்துக்கொள்வது நிலையற்ற அடித்தளத்தின் மீது கட்டுவதாகும்.

மீண்டும் திறந்த வழிகள்

போர் முடிந்தபின் 2011 ஜனவரியில் இந்தியாவும் இலங்கையும் கடல்வழிப் பயணிகள் போக்குவரத்துக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதே திங்களில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. ஜூனில் தூத்துக்குடி – கொழும்பு இடையே 'ஸ்கோட்டியா பிரின்ஸ்' என்னும் கப்பல் புறப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணியரை ஏற்றவல்ல அப்பெருங்கப்பல் போதிய வருவாய் இன்மையால் நவம்பரிலேயே நின்றது. சுதேசிக் கப்பலுக்குப் பயணியர் திரண்ட வழித்தடத்தில், நூறாண்டு கழித்துப் பயணியர் திரளவில்லை. இதற்கு இடையில் விமானமும் கடவுச்சீட்டும் நுழைவிசைவும் வந்துவிட்டன. கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணிநேர அளவில் செல்ல இயலும் நிலையில், ஓர் இரவைக் கப்பலில் கழிப்பதற்குப் பயணிக்குத் தனிப்பட்ட ஒரு காரணம் வேண்டும். குறைந்த கட்டணமும் கூடுதல் சுமையும் அத்தகைய காரணங்கள். அவற்றைச் சேவை உறுதியாக வழங்கினால் மட்டுமே அது போட்டியிட முடியும்.

2023ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம் – காங்கேசன்துறைச் சேவையை இந்தியப் பிரதமர் காணொலி வழியாகத் தொடங்கிவைத்தார். இந்தியக் கப்பல் கழகம் இயக்கிய 'செரியபாணி' என்னும் விரைவுக் கப்பல் 150 பயணியரை ஏற்றவல்லது. ஏறத்தாழ 60 கடல்மைல் தொலைவை மூன்றரை மணிநேரத்தில் அது கடந்தது. ஒருவழிக் கட்டணம் 7,670 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு அக்டோபர் 20 அன்று, அதாவது தொடங்கிய ஏழாம் நாளில், அவ்வாண்டுச் சேவை நிறுத்தப்பட்டது. பருவமழை நாகப்பட்டினத்துக்குப் புதியதன்று. ஆண்டுதோறும் எந்தத் திங்களில் வரும் என அனைவரும் அறிந்த மழைக்கு ஒரு வாரத்துக்கு முன் சேவையைத் தொடங்கியது, காலக்கணிப்பு விழாவை நோக்கியதேயன்றிப் பயணியரை நோக்கியதன்று என எண்ணச் செய்கிறது.

2024 ஆகஸ்டு 16 முதல் 'சிவகங்கை' என்னும் கப்பல் தனியார் நிறுவனத்தால் இயக்கப்பட்டது. கட்டணம் ஏறத்தாழ 5,000 ரூபாயாகக் குறைந்தது. அவ்வாண்டு நவம்பரில் பருவமழையால் நின்ற சேவை 2025 பிப்ரவரி 22 அன்று மீண்டும் தொடங்கியது. இருவழிக் கட்டணம் 8,500 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. கட்டணம் மக்களுக்கு எட்டுவதாக அமைய, கப்பலின் இயக்கச் செலவுக்கென மாதந்தோறும் 2.5 கோடி இலங்கை ரூபாய்க்கு மேற்பட்ட நிதியுதவியை மேலும் ஓராண்டு தொடர இந்திய அரசு முன்வந்தது. காங்கேசன்துறைத் துறைமுகச் சீரமைப்புக்கும் இந்தியா நிதி வழங்க இசைந்தது. மூன்று ஆண்டுகளில் கட்டணம் படிப்படியாகக் குறைந்ததும், அரசின் உதவி சேர்ந்ததும் நல்ல திருப்பங்களாகும். வ.உ.சி.யின் நிறுவனத்துக்குக் கிட்டாத ஆதரவு இச்சேவைக்குக் கிட்டியுள்ளது.

வருங்காலத்தை முடிவு செய்வன

இச்சேவையின் வருங்காலம் நான்கு கூறுகளைப் பொறுத்துள்ளது. முதலாவது, துறையின் வாய். நாகப்பட்டினம் துறை கடுவையாற்றின் முகத்துவாரத்தில் உள்ளது. மணல் படிவதால் அதனை ஆழப்படுத்த வேண்டியுள்ளது. பொழியூர்க் கரையின் பொழியைப் போன்றே இதுவும் ஒருமுறை வெட்டினால் என்றும் திறந்திருப்பதன்று. தொடர்ந்து பேணப்பட வேண்டியது. இரண்டாவது, கப்பலின் அளவு. சிறு விரைவுக் கப்பல் ஆண்டில் சில திங்கள் ஓட இயலாது. ஆயிரவர்க்கான பெருங்கப்பலோ நிறையாது. ஸ்கோட்டியா பிரின்ஸ், செரியபாணி ஆகிய இரண்டும் இவ்விரு எல்லைகளைக் காட்டுகின்றன. பருவமழைக் கடலைத் தாங்கும் இடைநிலைக் கப்பல் தேவை. மூன்றாவது, சுமை. யாழ்ப்பாணத்துச் சிறுவணிகரும் நாகை, திருச்சி, சென்னை நகரங்களுக்கு மருத்துவம், திருமணம் முதலியவற்றுக்கு வருவோரும் விமானத்தைவிடக் கப்பலைத் தேர்வதற்கு உடைமைகளை எளிதாகக் கொண்டுசெல்லும் வசதியே தலையாய காரணமாக இருக்கும். அதனை விமான விதிகளைப்போல் இறுக்கினால் கப்பல் தன் இயற்கையான பயணியை இழக்கும். நான்காவது, அட்டவணை. ஓடும் என்ற உறுதி இல்லாத வண்டியை நம்பி எவரும் திருமண நாள் குறிப்பதில்லை.

விமானம் வளர்ந்த பின் கப்பல் எதற்கு என்னும் வினா இயல்பாக எழும். சிங்கப்பூர் வழித்தடத்துக்கு இவ்வினா பொருந்தும். பாக்கு நீரிணைக்கு முழுமையாகப் பொருந்தாது. 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து சிறு விமானங்கள் சென்றுவருகின்றன. எனினும் காவிரிப் படுகைக்கும் வடஇலங்கைக்கும் இடையேயுள்ள மூன்று நான்கு மணிநேரக் கடல்வழி, சென்னையைச் சுற்றிச் செல்வதைவிட இயல்பானது. விமானமும் கப்பலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. வசதியுடையோர்க்கு முன்னது, சுமையுடையோர்க்குப் பின்னது.

தொகுப்புரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. சுதேசிக் கப்பல் கட்டணப் போராலும் அடக்குமுறையாலும், தலைமன்னார்க் கப்பல் குடியுரிமைச் சிக்கலாலும் போராலும், சிங்கப்பூர்க் கப்பல் குடிவரவுச் சட்டங்கள், விமானப் போட்டி, விபத்து ஆகியவற்றாலும் முடிவுற்றன. புயலும் பருவமழையும் சேவையை நிறுத்திவைத்தன. நிலையாக முடித்துவைத்தவை பெரும்பாலும் மனித முடிவுகளே.

2. நீண்டகாலம் நிலைத்த சேவைகள் டெக் பயணியரைத் தாங்கியவை. டெக் பயணியரால் தாங்கப்பட்டவை.

3. உல்லாசக் கப்பல் துறைமுக நகரத்துக்குப் பருவ வருவாய் தரலாம். அது பயணிகள் சேவைக்கு மாற்றாகாது.

4. கடல்வழிச் சேவையை வணிக முயற்சியாக மட்டும் கருதாமல், தீவுகளுக்கும் மலைக்கிராமங்களுக்கும் இயக்கப்படும் போக்குவரத்துபோல் பொதுச்சேவையாகக் கருதி, நீண்டகால நிதியுறுதி வழங்கப்பட வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்படும் உதவி, ஆண்டுக்கு ஆண்டு ஐயத்தையும் நீட்டிக்கிறது.

5. ரஜூலா, இராமானுஜம் ஆகிய கப்பல்களில் பயணம் செய்தோர் முதுமை எய்திவிட்டனர். அவர்தம் வாய்மொழி வரலாறுகளைத் திரட்டும் பணியைத் தமிழ்த்துறைகள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டும். சட்டங்களும் கட்டணப் பட்டியல்களும் ஆவணக் காப்பகங்களில் கிடைக்கும். பயணி எதைச் சுமந்து சென்றார், எதை விட்டுச் சென்றார் என்பது அவர் நினைவில் மட்டுமே உள்ளது.

மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு நீலகிரியில் குடியமர்ந்தவர்க்கு மறுகரையில் பெற்றோரின் கல்லறை இருக்கலாம். தமிழக முகாமில் பிறந்து வளர்ந்தவர்க்கு மறுகரையில் தாம் கண்டறியாத ஊர் இருக்கலாம். இவர்களுக்குக் கப்பல் உல்லாசம் அன்று. சாதுவனுக்குக் கிட்டிய சந்திரதத்தனின் கலம் போன்றது. நீர் நிறைந்திருந்தும் பொழி தானே உடையாதபோது கரையில் வாழ்வோர் அதனை வெட்டித் திறக்கின்றனர். மணல் மூடினால் மறுபடியும் வெட்டுகின்றனர். பயணிகள் கப்பல் சேவைக்கு இரு நாட்டு அரசுகளும் செய்ய வேண்டுவது இத்தகைய தொடர்பணியே ஆகும்.